முன் வலது தோள்

சாவு வீட்டில் அவித்த முட்டையை இவ்வளவு ரசித்துச் சாப்பிடுகிற மனிதரை சபைனா அன்றுதான் பார்த்தாள். டப்ளினிலிருந்து வந்திருந்த விட்கிராஃப்ட், முட்டையின் தலையைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, உப்புத் தூவி, கரண்டியால் அடிவரை வழித்து முடித்த பிறகுதான் வந்த வேலையைப் பற்றி வாய் திறந்தார். பக்கத்து அறையில் அவள் புருஷன் பெரிக்ரின் டெவனிஷ், ஆர்ட்குளூன் பிரபு, ஓக் மரப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

விட்கிராஃப்டுக்கு வம்சாவளிதான் பிழைப்பு. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் எந்தப் பிரபு யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எந்தக் கிளை வாரிசில்லாமல் பட்டுப்போனது என்று வருஷா வருஷம் செங்கல் கனத்தில் புத்தகம் போடுகிறவர். பெரிய இடத்துச் சாவு என்றால் யார் எங்கே நடப்பது, யார் எந்தப் பக்கம் தோள் கொடுப்பது என்று வகுத்துக் கொடுப்பதும் அவர்தான்.

"தேவாலய வாசல் வரைக்கும் குடியானவங்க தூக்கிட்டு வருவாங்க. வாசல்லேருந்து நிலவறைக் கல்லறை வரைக்கும், இந்தக் குடும்பத்து வழக்கப்படி, ரத்த சம்பந்தம் உள்ள ஆம்பளைங்கதான் தூக்கணும்" என்றார் விட்கிராஃப்ட். "முன்னாடி வலது தோள் வாரிசோட இடம். அது லயனல் பிரபு. முன்னாடி இடது, கர்னல் அகஸ்டஸ். பின்னாடி மீத் மாவட்டத்துலேருந்து வந்திருக்கிற பங்காளிங்க ரெண்டு பேர்."

"என் பெரிய பையன் எங்கே?" என்றாள் சபைனா.

மேஜையில் கத்தி முள்கரண்டிச் சத்தம் நின்றது. விட்கிராஃப்ட் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். "மிஸ்டர் ஃபின்டன் பண்ணை ஆளுங்களோட வருவார், சீமாட்டி. மூணாவது வரிசை. வேட்டை நாய்க்காரருக்கு அடுத்து."

"நாய்க்காரனுக்கு அடுத்து!" என்றாள் அவள். "நாய்க்குப் பின்னாடின்னு போடாம விட்டீங்களே, புண்ணியமாப் போச்சு."

கதை ஊருக்கே தெரிந்ததுதான். ஓட்ஸ் வியாபாரி மல்வனியின் மகள் சபைனாவை, அப்போதைய பிரபுவின் மூத்த பிள்ளை பெரிக்ரின், சாம்பல் புதனுக்கு முந்தின நாள் புனித பிரிஜித் கோயிலில், கத்தோலிக்கச் சாமியார் முன்னிலையில் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் ஃபின்டன் பிறந்தான். பேரன் முகம் பார்க்க வராத மாமனார், வக்கீலை அனுப்பினார். புராட்டஸ்டண்ட் ஒருவனுக்குக் கத்தோலிக்கச் சாமியார் செய்து வைத்த கல்யாணம் செல்லாது என்று அப்போது சட்டம் இருந்தது. பிற்பாடு அந்தச் சட்டத்தை ஒழித்துவிட்டார்கள். ஒழித்த புண்ணியவான்கள், அதற்கு முன்னால் அது உடைத்துப் போட்டதை ஒட்ட வைக்க மறந்துவிட்டார்கள். அதனால் சபைனா புராட்டஸ்டண்ட் தேவாலயத்தில் இரண்டாம் முறை கல்யாணம் செய்துகொண்டாள், கொட்டுகிற மழையில், இரண்டு வயதுப் பிள்ளையோடு. அதற்குப் பிறகு பிறந்த லயனல் வாரிசு ஆனான். ஃபின்டன் எதுவும் ஆகவில்லை. விட்கிராஃப்டின் புத்தகத்தில் ஆர்ட்குளூன் பிரபுவுக்கு ஒரே மகன்.

"அண்ணி, இன்னைக்கு வேண்டாம்" என்றார் கர்னல் அகஸ்டஸ். இவர் செத்தவரின் தம்பி. எதையும் படைக்கு உத்தரவு போடுகிற குரலிலேயே சொல்லுவார். "அந்தக் கல்யாணம் கல்யாணமே இல்ல. ரெண்டாவது தடவை நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மணமகள், கன்னின்னு தெளிவா எழுதியிருக்கு."

"எழுதியிருக்கு, கொழுந்தனாரே. ரெண்டு வயசுப் பிள்ளை என் பாவாடையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு 'அம்மா, மூச்சா'ங்கிறான், அந்த மனுஷன் என்னைப் பார்த்துக்கிட்டே கன்னின்னு எழுதறான். உங்க ஆளுங்களுக்கு மையும் பேனாவும் இருந்தாப் போதும், கண்ணு வேண்டாம்."

மீத்திலிருந்து வந்த பங்காளிகளில் ஒருவன் ரொட்டித் துண்டு புரையேறி இருமினான். லயனல் அவனை முறைத்தான். இருபத்தாறு வயது, அப்பாவின் நீண்ட மூக்கு, அப்பாவிடம் ஒருபோதும் இல்லாத விறைப்பு. சபைனாவுக்கு அவன் மேல் உயிர். சில நாட்களில் அவன் காதைப் பிடித்துத் திருகவும் கை துறுதுறுக்கும்.

"அம்மா, நீங்க என்ன பேசறீங்கன்னு புரியுதா?" என்றான் அவன். "ஃபின்டன் முன்னாடி வலது பக்கம் நின்னா, ஊரு உலகத்துக்கு என்ன அர்த்தம்? நான் யாரு அப்போ?"

சபைனா விட்கிராஃப்ட் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேட்கிறேன், சொல்லுங்க. அவர் எங்க சாமியார் முன்னாடி வந்து நின்னப்போ, அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவே கத்தோலிக்கரா இருந்திருந்தா?"

முட்டை விஷயத்தில் எப்படியோ, வம்சாவளி விஷயத்தில் விட்கிராஃப்ட் நேர்மையானவர். "முழுசா ஒரு வருஷம்னா, முதல் கல்யாணம் செல்லும், சீமாட்டி. ரெண்டாவது வெறும் சடங்கு. ரெண்டு பிள்ளைங்களும் முறையாப் பிறந்தவங்க ஆயிடுவாங்க. மூத்தவர் பிரபு."

"அதாவது, அப்படிப் பார்த்தா எனக்கு ரெண்டு பிள்ளை. இப்படிப் பார்த்தா ஒண்ணுதான்."

"அப்படிப் பார்க்கவே முடியாது!" கர்னல் மேஜையைத் தட்டினார். "அண்ணனே வக்கீல்கிட்ட வாயால சொன்னான், ஒரு நாளும் கத்தோலிக்கனா இருந்ததில்லன்னு. முடிஞ்சது பேச்சு."

சொன்னார்தான். பக்கத்து அறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவள் அதைக் காதால் கேட்டாள். பால் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அழுதாள், அதற்கப்புறம் அந்த விஷயத்துக்காக அழுததில்லை. இப்போது எழுந்து நின்று மணியை அடித்து, வேலைக்காரியிடம் கறுப்புத் தொப்பியும் கனத்த பூட்ஸும் கொண்டுவரச் சொன்னாள்.

"இந்த வீட்டுப் பொம்பளைங்க இடுகாட்டுக்கு வர்ற வழக்கமில்ல" என்றார் கர்னல்.

"இந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஒரே புருஷனை ரெண்டு தடவை கட்டிக்கிற வழக்கமும்தான் இல்ல. என்னைக் கட்டி வைக்கலையா?"

லாயத்து முற்றத்தில் ஃபின்டன் குதிரைக்குக் கறுப்பு இறகு கட்டிக்கொண்டிருந்தான். பண்ணை முழுக்க அவன் பொறுப்பில்தான் ஓடியது. அப்பா இருந்தவரைக்கும் அவரை 'பிரபுவே' என்றுதான் கூப்பிட்டான். அவர் மட்டும் யாரும் இல்லாத நேரத்தில் அவனை மகனே என்பார். யாரும் இல்லாத நேரத்தில்!

"அம்மா, சண்டை போட்டுட்டு வந்திருக்கே. மூஞ்சியே சொல்லுது" என்றான்.

"இன்னும் போடல. போடப் போறேன். நீ முன்னாடி வலது பக்கம் தூக்கறே."

அவன் இறகைக் கீழே வைத்தான். "எனக்கு வேண்டாம்மா. பட்டமும் வேண்டாம், பவிசும் வேண்டாம். எனக்கு இந்த மாடும் குதிரையும் போதும். தம்பியே வெச்சுக்கட்டும்."

"உன்னை யாருடா கேட்டா?" என்றாள் அவள். "இது உனக்காகன்னு நெனச்சியா? எனக்காக. நான் அன்னைக்கு ராத்திரி யாரோட படுத்தேன்? என் புருஷனோட. எவனோடயோ இல்ல. அதை இந்த ஊரு முன்னாடி ஒரு தடவையாவது சொல்லாம நான் சாக மாட்டேன். நீ பிரபு ஆகு, இல்ல மாடு மேய், அது உன் பாடு. ஆனா நீ கல்யாணம் ஆனவளுக்குப் பிறந்தவன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"அவர் உசிரோட இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு கெஞ்சினார். அப்பாவுக்குப் பயந்தார், அப்புறம் தம்பிக்குப் பயந்தார், அப்புறம் பழகிப் போச்சு. நல்ல மனுஷன்தான், முதுகெலும்புதான் கொஞ்சம் கம்மி. நானும் சரின்னேன். ஊரையும் வாயை மூடச் சொன்னேன். இப்போ அவர் உசிரோட இல்ல. என் வாக்கு முடிஞ்சது."

ஃபின்டன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

பெட்டி புறப்பட்டது. ஆறு குடியானவர்கள் தூக்கினார்கள், முன்னால் கொல்லர் டார்ப்பியின் மகன். ஆள் கதவு அகலம் இருப்பான், அவன் பக்கம் மட்டும் பெட்டி சற்று உயர்ந்தே போனது. பின்னால் லயனலும் கர்னலும். அவர்களுக்குப் பின்னால், யார் தடுத்தும் கேட்காமல், சபைனா.

மாளிகையின் வெளிக்கதவைத் தாண்டியதும் பாதை பிரியும். இடது பக்கம் போனால் பிரபு குடும்பத்துக் குறுக்குச் சாலை, நேரே தேவாலயம். வலது பக்கம் சுற்று வழி, புனித பிரிஜித் கோயிலைத் தொட்டுக்கொண்டு போகும். ஊர்க்காரர்கள் தங்கள் சாவு எதையும் குறுக்கே கொண்டுபோனதில்லை. செத்தவன் கடைசியாக ஊரைப் பார்க்கட்டும் என்று எத்தனை தூரமானாலும் சுற்றித்தான் போவார்கள்.

டார்ப்பி மகன் நின்றான். தலையைத் திருப்பாமல் கேட்டான்: "எந்தப் பக்கம், சீமாட்டி?"

"இடது!" என்று கத்தினார் கர்னல்.

"அவரைக் கேட்டியா, என்னைக் கேட்டியா?" என்றாள் சபைனா. "வலது."

பெட்டி வலது பக்கம் திரும்பியது. கர்னலுக்கு முகம் செக்கச் சிவந்துவிட்டது. என் அண்ணன் மாட்டு மந்தை போகிற சேற்றில் போவதை நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, லயனலின் கையைப் பிடித்துக்கொண்டு குறுக்குச் சாலையில் நடந்தார். பங்காளிகளும் அவர்கள் பின்னால் போனார்கள். விட்கிராஃப்ட் மட்டும் பிரிவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். அவருடைய விதிப்படி பெட்டி போகிற வழிதான் ஊர்வலம். பெருமூச்சு விட்டுவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கினார். பட்டம் குறுக்குச் சாலையில் போனது, பிரபு சுற்று வழியில் போனார்.

பிரிஜித் கோயில் வாசலில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். சாமியார் வெளியே வரவில்லை, மணியும் அடிக்கவில்லை. முப்பது வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவருக்கு அவர் என்ன செய்வார்? ஊர் மட்டும் மண்டியிட்டு ஒரு செபம் சொன்னது. சபைனா பெட்டி மேல் கை வைத்து, வேறு யாருக்கும் கேட்காமல், "இங்கேதான்யா உன்னைக் கட்டினேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். பிறகு கிளப்பச் சொன்னாள்.

தேவாலய வாசலில் லயனலும் கர்னலும் பங்காளிகளும் பாதிரியாரும் காத்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டு, அத்தனை பேரும் நனைந்து ஒட்டிப்போயிருந்தார்கள். ஊர் முழுக்கப் பெட்டிக்குப் பின்னால் வந்து நின்றது. கத்தோலிக்கர்கள் அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது சாமியாரின் கட்டளை. குடியானவர்கள் பெட்டியைக் கல்மேடையில் இறக்கினார்கள். இனி குடும்பத்து ஆண்களின் முறை.

"லயனல் பிரபு, முன் வலது" என்றார் விட்கிராஃப்ட்.

"ஃபின்டன்" என்றாள் சபைனா. "போய் நில்லு."

ஃபின்டன் வந்து பெட்டியின் முன் வலது மூலையில் நின்றான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"வெளியே போடா!" என்றார் கர்னல். "அண்ணி, இது அவமானம். கடைசியாச் சொல்றேன்."

"கடைசியாச் சொல்லிட்டீங்கல்ல, இனிமே நான் பேசறேன்." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "டார்ப்பி மகனே, இந்த டப்ளின் ஐயா கிட்ட உன் பேரைச் சொல்லு."

"பெரிக்ரின் டார்ப்பி, ஐயா."

விட்கிராஃப்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் வாழ்நாளில் எத்தனையோ பெரிக்ரின்களைப் பதிந்திருப்பார். அத்தனை பேரும் பிரபுக்கள், பிரபுக்களின் பிள்ளைகள், ஒரு பிஷப். "கொல்லர் வீட்டுல பெரிக்ரினா?"

"என் ஞானத்தகப்பன் பேரு, ஐயா." அவன் பெட்டியைக் காட்டினான். "இவருதான். பிரிஜித் கோயில்ல என்னைக் கையில ஏந்தி, விசுவாசப் பிரமாணம் சொன்னாரு. பாதியில மறந்துட்டாராம், எங்கம்மா இன்னமும் சொல்லிச் சிரிக்கும்."

"கத்தோலிக்க ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா யாரு நிக்கலாம், விட்கிராஃப்ட் ஐயா?" என்றாள் சபைனா.

"கத்தோலிக்கர் மட்டும்தான்" என்றார் அவர். உடனே அடுத்த கேள்வியும் அவர் வாயிலிருந்து தானாக வந்தது, தொழில் விடுமா? "நீ எப்போ பிறந்தே?"

"பிரிஜித் திருநாள் அன்னைக்கு. அந்த வாரமே ஞானஸ்நானம்."

"அது எந்த வருஷம்னு உங்க புத்தகத்துல தேட வேண்டாம்" என்றாள் சபைனா. "அதுக்கடுத்த வருஷம் பிரிஜித் திருநாளும் போய், சாம்பல் புதனுக்கு முந்தின நாள் என் கல்யாணம். இந்தத் தடியன் தன் கால்லயே தத்தக்கா பித்தக்கான்னு நடந்து வந்து, கல்யாணக் கேக்கை ரெண்டு கையாலயும் அள்ளித் தின்னு, என் பட்டுப் பாவாடை மேலேயே வாந்தி எடுத்தான். பிறக்கிறப்பவே நடந்து வர்ற பிள்ளையை உங்க பிரபு வீடுகள்ல பெத்திருந்தாலும் பெத்திருப்பாங்க. எங்க பக்கம் நடக்க ஒரு வருஷமாவது ஆகும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மழையில், சாவில், தேவாலய வாசலில். டார்ப்பி மகன் காது மடல் வரைக்கும் சிவந்துபோனான்.

"கொல்லன் பேச்சும் கேக் கதையும் கோர்ட்டுல நிக்காது!" என்றார் கர்னல். "அகஸ்டஸ் டெவனிஷ் இந்தக் கேவலத்துக்குத் தோள் கொடுக்க மாட்டான்." சொல்லிவிட்டுத் தன் இடத்தை விட்டு விலகி, சுவரோரம் போய் முதுகைக் காட்டி நின்றார். முன் இடது மூலை காலியானது.

விட்கிராஃப்ட் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். "சீமாட்டி, கோர்ட்டு ஒத்துக்காம நான் எதையும் அச்சுல ஏத்த முடியாது. ஆனா குறிச்சு வெச்சுக்கணும். கல்யாண விவரத்தை எப்படி எழுதறது?"

"ஒரே கல்யாணம்னு எழுதுங்க. பிரிஜித் கோயில்ல."

"அப்போ இங்கே நடந்தது?"

"இங்கே மழை பெஞ்சுதுன்னு எழுதுங்க."

லயனல் அசையாமல் நின்றிருந்தான். தலைமயிரிலிருந்து நீர் வழிந்து அந்த நீண்ட மூக்கின் நுனியில் சொட்டியது. சபைனா அவனைப் பார்த்தாள். இவனையும் அவள்தான் பெற்றாள், இவனுக்கும் அவள்தான் பால் கொடுத்தாள். அவனிடமிருந்து எதைப் பிடுங்குகிறாள் என்று அவளுக்குத் தெரியாதா?

"என்னை ஒண்ணுமில்லாதவனா ஆக்கிட்டீங்க" என்றான்.

"இளையவனா ஆக்கியிருக்கேன். உங்க அண்ணன் முப்பது வருஷமா அதைவிடக் கீழே நின்னான், ஒரு வார்த்தை சொல்லல. உன்னால முடியாதா?"

"அம்மா, நான் அவனை எதுவும் கேட்டதே இல்ல" என்றான் ஃபின்டன், பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே. "லயனல், தூக்கறியா, இல்ல நான் டார்ப்பியை உள்ளே கூப்பிடவா? மழையில அப்பா நனையறார்."

பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். பின் மூலைகளில் பங்காளிகள் இருவரும் குனிந்து பிடிக்கத் தயாராக நின்றார்கள். சபைனா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேவாலய வாசற்படியில் கால் வைத்தாள். பின்னால் ஊர்ப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"இந்தப் படியை ஒரு தடவை கன்னின்னு சொல்லித் தாண்ட வெச்சாங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இன்னைக்கு விதவையாத் தாண்டறேன். என் புருஷனுக்கு. யாராவது மறுக்கிறதா இருந்தா இப்போ மறுங்க."

யாரும் மறுக்கவில்லை. சுவரோரம் நின்ற கர்னல்கூடத் திரும்பவில்லை.

லயனல் பெட்டியை நோக்கி நடந்தான். வலது மூலைக்கு வந்து, ஃபின்டனுக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் நின்றான். அண்ணன் நகரவில்லை.

"நான் வழக்குப் போடுவேன்" என்றான் லயனல். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னான். "கடைசி கோர்ட்டு வரைக்கும் போவேன், அம்மா. உங்களைக் கூண்டுல ஏத்திக் கேட்பாங்க."

"ஏத்தட்டும். இதே தொப்பியைப் போட்டுக்கிட்டு வர்றேன். இப்போ நீ இளையவன், இடது பக்கம் காலியா இருக்கு. முதல்ல உங்கப்பனுக்குத் தோள் கொடு."

அவன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கம் குனிந்து, தோள் கொடுத்தான்.